வாயிலில் நின்று ஆயம் கொள்வோர்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் சட்டத்தரணிகளும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கூகிள் கொம்பனிக்கு எதிராக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கைப் பற்றி நாம் பேசப்போகின்றோம் என்னும் அறிவித்தல் வெளிவந்ததும், கமக்கார நண்பர் ஒருவர் நம்மை வழிமறித்தார். "வெங்காயத்துக்கு விலையில்லாத நேரத்தில் வாஷிங்ரன் வழக்கு எங்களுக்கு எதற்கு?" என்று கேட்டார. நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறும் முகமாகவே இப்பேச்சைத் தொடங்குகின்றோம். ஆனால் விடை வெங்காயத்தில் தொடங்கவில்லை, கோதுமையில் தொடங்குகின்றது.

1870ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் விளைந்த கோதுமை கிழக்கே செல்ல வேண்டுமாயின், பெரும்பாலும் சிக்காக்கோ நகரத்தின் வழியாகவே செல்லவேண்டும். புகையிரதத்தில் வந்திறங்கும் தானியத்தை வாங்கி வைத்து, கப்பலில் ஏற்றி அனுப்புவதற்கு அந்நகரில் மாபெரும் களஞ்சியங்கள் நின்றன. 1874இல் அவற்றின் தொகை 14. அவற்றைத் தம் கைக்குள் வைத்திருந்த வர்த்தக நிலையங்கள் 9. ஏழெட்டு மாநிலங்களின் விளைச்சல் அந்த வழியே போகவேண்டும். களஞ்சியக் கூலியோ, அவர்கள் ஆண்டுதோறும் தமக்குள்ளே பேசித் தீர்மானித்துக்கொண்ட கூலி. உழுதவனுக்கு அதிலே ஒரு சொல்லுமில்லை.

கமக்காரரின் குமுறலும் சிக்காக்கோத் தானிய வணிகரின் முறைப்பாடும் ஒன்றுசேர, 1871இல் இலினோய் மாநிலச் சட்டசபை களஞ்சியக் கூலிக்கு உச்சவரம்பு விதித்தது. மன், ஸ்கொட் என்னும் இருவர் நடத்திய நிலையம் பணிய மறுத்தது. களஞ்சியம் எமது சொத்து. எமது சொத்துக்கு நாம் கேட்கும் கூலியை அரசு எவ்வாறு குறைக்கலாம் என்பது அவர்களுடைய வாதம். வழக்கு மீயுயர் நீதிமன்றம் வரை சென்றது. 1877இல் பிரதம நீதியரசர் வெயிற் தீர்ப்பளித்தார். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கில நீதியரசர் ஹேல் வகுத்த கோட்பாடொன்றை அவர் துணைக்கொண்டார். தனியார் சொத்தொன்று பொதுமக்களின் நலனைத் தொடும் வகையிலே பயன்படுத்தப்படுமாயின், அது முற்றிலும் தனியார் சொத்தாக நின்றுவிடாது. பொதுநலத்தின் பொருட்டு அதனை ஒழுங்குபடுத்த அரசுக்கு உரிமையுண்டு என்றார். இக்களஞ்சியங்கள் வாணிகத்தின் வாயிலிலேயே நின்றுகொண்டு, கடந்து செல்வோர் அனைவரிடமும் ஆயம் கொள்கின்றன என்பது அவர் தந்த வருணனை. நீதியரசர் பீல்ட் மாறுபட்டார். இதனை ஒப்புக்கொண்டால் எவருடைய சொத்துக்கும் காவலில்லை என்று அஞ்சினார். தற்செயலாக, அவரும் கலிபோர்னியாக்காரரே!

கமக்காரரின் கிளர்ச்சியால் வளர்ந்த அந்த உணர்ச்சியே, 1890இல் செனற்றர் ஷேர்மனின் பெயரால் வழங்கும் ஏகபோகத் தடைச் சட்டத்துக்கும் வழி திறந்த காரணங்களுள் ஒன்று. அச்சட்டத்தின் கீழ்த்தான் 1911இல் ஸ்ரான்டட் எண்ணெய்க் கொம்பனி 34 துண்டாக உடைக்கப்பட்டது. அச்சட்டத்தின் இரண்டாம் பிரிவின் கீழ்த்தான் கூகிளும் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டது.

இனி நம் சட்டைப்பைக்கு வருவோம். கைத்தொலைபேசியை வாங்குகின்றீர்கள், திறந்து ஒரு கேள்வியை எழுதுகின்றீர்கள். அக்கேள்வி எங்கே போகின்றது? நீங்கள் எவரையும் தெரிந்தெடுக்கவில்லை. உங்களுக்காக வேறொருவர் முன்னரே தெரிந்தெடுத்து வைத்திருக்கின்றார். உலாவியைத் திறந்தவுடன் ஆயத்தமாக அமர்ந்திருக்கும் தேடற்பொறியிடமே கேள்வி போகின்றது. அவ்விடத்தை வாயிலிடம் என்று இப்பேச்சில் அழைப்போம். விரும்பினால் அதனை மாற்றலாம், தடையில்லை. ஆனால் மாற்றுவோர் எத்தனை பேர்? இவ்வழக்கைத் தொடக்கம் முதல் பின்தொடர்ந்து வந்த நாமே, நம்முடைய கைத்தொலைபேசியில் அதனை ஒரு நாளேனும் மாற்றியதில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றோம். மனிதனின் இந்தச் சோம்பலைக் கூகிள் நன்கறியும். அறிந்தபடியாலேதான் 2021ஆம் ஆண்டில் மாத்திரம் இத்தகைய வாயிலிடங்களுக்காக 2,630 கோடி டொலர் கொடுத்தது.

எவருக்குக் கொடுத்தது? கைத்தொலைபேசி செய்வோருக்கு, தொலைபேசிச் சேவை நடத்துவோருக்கு, பயர்பொக்ஸ் உலாவியை உடைய மொசில்லாவுக்கு. எல்லோரிலும் அதிகமாக அப்பிளுக்கு. 2022இல் அப்பிள் பெற்ற தொகை 2,000 கோடி டொலர். சபாரி உலாவியின் வழியே வரும் தேடல் விளம்பர வருவாயில் 36 வீதம் அப்பிளுக்குப் போகின்றது என்னும் இரகசியமும் 2023 நவம்பரில் வெளிப்பட்டது. அதனை வெளியிட்டவர் அரசின் சாட்சி அல்லர். கூகிளே அழைத்துவந்த பொருளியற் பேராசிரியர். கோட்டு வாசலில் நின்று பழகியவர்கள் சிரிப்பது நமக்குக் கேட்கின்றது.

பணங்கொடுத்து இடம் வாங்குவது குற்றமா என்று கேட்கலாம். சந்தையிலே நல்ல கடைக்குக் கூடிய குத்தகை கொடுப்பதில்லையா? கொடுக்கின்றோம். ஆனால் ஊரிலே பத்தில் ஒன்பது பங்கு வியாபாரத்தை ஏற்கெனவே வைத்திருக்கும் ஒருவர், சந்தைக்குள் நுழையும் எல்லா வாசலையும் ஆண்டாண்டாகக் குத்தகைக்கு எடுத்து, வேறொருவரும் அங்கே முதலில் நிற்கலாகாது என்று உடன்படிக்கை செய்துகொள்வாராயின், அது கடை வாடகையன்று. 2020இல் அமெரிக்காவில் எழுந்த தேடல்களுள் ஏறத்தாழ 90 வீதம் கூகிளிடம் சென்றது. கைத்தொலைபேசிகளில் அது 95 வீதம். அடுத்த இடத்தில் நின்ற மைக்கிறோசொப்ற்றின் பிங்குக்குக் கிடைத்தது 6 வீதம் அளவே.

இங்கே கமக்காரர்கள் சற்றுக் கூர்ந்து கேட்கவேண்டும். தேடற்பொறி, கேட்கப்படும் கேள்விகளை உண்டு வளர்வது. ஒருவர் கேள்வி கேட்டார். பத்து விடைகள் தரப்பட்டன. அவர் மூன்றாவதைத் திறந்தார். திறந்த உடனே திரும்பி வந்து ஐந்தாவதைத் திறந்து அங்கேயே நின்றார். இவ்வளவும் பொறிக்குப் பாடம். அடுத்தவர் அதே கேள்வியைக் கேட்கும்போது ஐந்தாவது மேலே வரும். எல்லோரும் நாள்தோறும் கேட்கும் கேள்விக்குச் சிறிய பொறியும் விடை சொல்லிவிடும். அருமையாக எழும் கேள்விக்கே மலையளவு திரட்டு வேண்டும். தீர்ப்பில் நீதிபதி வற்புறுத்திய விடயங்களுள் இதுவும் ஒன்று. நிறையப் பேர் வருவதால் பொறி நன்றாகின்றது. நன்றாவதால் நிறையப் பேர் வருகின்றனர். விளம்பரப் பணம் பெருகுகின்றது. அப்பணத்தால் மீண்டும் வாயிலிடம் வாங்கப்படுகின்றது. செக்குமாடு சுற்றுவதுபோல இது சுற்றிக்கொண்டேயிருக்கும். வெளியிலிருப்பவன் உள்ளே புக இடமில்லை.

தமிழிலே கேட்கப்படும் கேள்வி ஆங்கிலக் கேள்வியோடு ஒப்பிட அரியது. தமிழிலே, ஒரு பயிர் நோயை ஊர் வழங்கும் பெயராற் சொல்லிக் கேட்கும் கேள்வி அரியவற்றுள் அரியது. அதற்குக் கூகிளிலும் திறமாக விடை சொல்லும் இன்னொரு பொறியை நாளைக்கு ஒருவர் ஆக்க முயன்றால், அவருக்குக் கேள்விகள் எங்கிருந்து வரும்? வெங்காயத்தைப் பற்றிக் கேட்ட நண்பருக்கு நாம் தரும் முதல் விடை இதுவே. கேட்பவரும் அவர், பொறிக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவரும் அவர். அந்தப் பாடம் யாருக்குச் சொந்தமென்பதே வழக்கு.

வழக்கு 2020 ஒக்டோபர் 20ஆம் திகதி தொடுக்கப்பட்டது. அமெரிக்க நீதித் திணைக்களத்துடன் 11 மாநிலங்கள் வழக்காளிகளாகச் சேர்ந்தன. பின்னர் வேறு பல மாநிலங்களும் தனியே வழக்கிட்டன. விசாரணை 2023 செப்டெம்பர் 12ஆம் திகதி தொடங்கிப் பத்து வாரம் நடந்தது. குஜராத்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த அமித் மேத்தா என்பவர் நீதிபதி. 2024 ஓகஸ்ட் 5ஆம் திகதி, கூகிள் ஓர் ஏகபோகி என்றும், அவ்வேகபோகத்தைக் காத்துக்கொள்ளச் சட்டத்தை மீறி நடந்தது என்றும் அவர் தீர்ப்பளித்தார். கூகிளின் பொறி திறமானது, அதன் பொறியியலாளர் வல்லவர் என்பதையும் அவர் மறைக்கவில்லை. திறமையால் முதலிடம் பெறுவது குற்றமன்று. பெற்ற முதலிடத்தை உடன்படிக்கைகளாற் பூட்டி வைப்பதே குற்றம்.

வாயிலிடம் அவ்வளவு பெரிய காரியமா, ஒரு விரல் தட்டினால் மாற்றலாமே என்பது கூகிளின் மறுமொழி. 2006இல் மைக்கிறோசொப்ற் தன் புதிய உலாவியிலே தன் தேடற்பொறியையே முதலில் அமர்த்த முனைந்தபோது, இது போட்டிக்குக் கேடு என்று அதே நீதித் திணைக்களத்திடம் போய் முறையிட்டவர் யார்? கூகிளே! அன்று வாயிலின் அருமை தெரிந்தது. வாயில் தம் கைக்கு வந்தபின் ஒரு விரல் தட்டு ஆயிற்று. ஊழியர்கள் தமக்குள்ளே எழுதிக்கொண்ட உரையாடல்கள், வைத்திருக்கும்படி குறிக்கப்படாவிடின், 24 மணித்தியாலத்தில் அழிந்துபோக விடப்பட்டன என்பதும் விசாரணையில் வெளிவந்தது. நீதிபதி கடுமையாகக் கண்டித்தார், ஆனால் தண்டிக்கவில்லை. நம் நாட்டு நீதிமன்றொன்றிலே ஒரு கமக்காரன் காணி உறுதியை எரித்துவிட்டு வந்து நின்றிருந்தால் கண்டனத்தோடு போயிருக்குமா?

நம்மவரிடையே உலவும் ஒரு பேச்சையும் தொடாமல் விடமுடியாது. கூகிளின் தலைவர் சுந்தர் பிச்சை மதுரையிற் பிறந்த தமிழர். 2015இல் அப்பதவிக்கு வந்தார். 2023 ஒக்டோபரிலும் 2025 ஏப்பிரலிலும் அவரே கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார். தமிழன் ஒருவன் நடத்தும் கொம்பனியைத் தமிழரே குறை சொல்லலாமா என்று நம்மிடம் கேட்டவர்கள் உண்டு. அவர் உயர்ந்ததிலே நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அவர் அங்கே அமர்ந்திருப்பது தமிழரின் பிரதிநிதியாக அன்று, பங்குதாரரின் ஊழியராக. போட்டியாளருக்குத் தரவுகளைக் கொடு என்று கட்டளையிடுவது தேடற்பொறியையே பறித்துக் கொடுப்பதற்குச் சமம் என்று 2025இல் அவர் சாட்சியம் கூறியது பங்குதாரரின் பொருட்டு. அதனை அவர் திறம்படவே செய்தார். நாமும் நம் நலனைத் திறம்படச் சொல்வதில் அவருக்கு என்ன குறை?

இப்பொழுது பரிகாரத்துக்கு வருவோம். உரிமை உள்ளவிடத்துப் பரிகாரமும் உண்டு என்பது சட்ட மாணவன் முதல் ஆண்டிலே படிக்கும் கோட்பாடு. குற்றம் காணப்பட்டபின் பதின்மூன்று மாதம் கழித்து, 2025 செப்டெம்பர் 2ஆம் திகதி பரிகாரத் தீர்ப்பு வந்தது. குரோம் உலாவியை விற்றுவிட வேண்டும் என்று அரசு கேட்டது, நீதிபதி மறுத்தார். பிறர் எவரையும் சேர்க்கலாகாது என்னும் தனியுடன்படிக்கைகளைத் தடைசெய்தார். தேடற் சுட்டியின் ஒரு பகுதியையும், மக்கள் கேட்ட கேள்விகளின் திரட்டில் ஒரு பகுதியையும் தகுதியுள்ள போட்டியாளருக்குக் கொடுக்கும்படி கட்டளையிட்டார். கட்டளையின் ஆயுள் ஆறு ஆண்டு. ஆனால், வாயிலிடத்துக்குப் பணம் கொடுப்பதை அவர் தடுக்கவில்லை!

குரோமைப் பற்றி நாம் நீதிபதியோடு உடன்படுகின்றோம். இங்குள்ள சில நண்பர்களுக்கு இது பிடிக்காது. ஆயினும் வழக்கிலே குற்றமாக நிறுவப்பட்டது உடன்படிக்கைகள், குரோம் அன்று. எந்தக் கருவியாற் குற்றம் நிகழவில்லையோ அக்கருவியைப் பறிமுதல் செய்வது தண்டனையாகலாம், பரிகாரமாகாது. 2000ஆம் ஆண்டிலே மைக்கிறோசொப்ற்றை இரண்டாகப் பிளக்க நீதிபதி ஜாக்சன் இட்ட கட்டளையை, அடுத்த ஆண்டே மேன்முறையீட்டு மன்றம் நீக்கியது. மேத்தா இருப்பதும் அதே மன்றத்தின் கீழே. அவர் கவனமாக நடந்ததை விளங்கிக்கொள்ள முடிகின்றது.

பணத்தைப் பற்றி உடன்பட முடியாது. குற்றத்தின் உயிர்நாடி பணமே. பணத்தை நிறுத்தினால் அதனைப் பெற்று வந்தவர்களுக்கு, குறிப்பாக மொசில்லா போன்ற சிறியோருக்கு, பெரும் நட்டம் வரும் என்று நீதிபதி அஞ்சினார். மொசில்லாவைப் பொறுத்தவரை அவ்வச்சம் மெய்யானது. அதன் வருவாயின் பெரும்பகுதி கூகிள் கொடுப்பதே. அதற்கு ஒரு தவணை கொடுத்திருக்கலாம், சிறியோருக்கு விலக்களித்திருக்கலாம். ஆண்டுக்கு 2,000 கோடி டொலர் வாங்கிய அப்பிளுக்கும் அதே இரக்கமா? சிக்காக்கோக் களஞ்சியக்காரரின் கூலியைக் குறைத்தால் அவருக்குக் கடன் கொடுத்தவர் வருந்துவாரே என்று பிரதம நீதியரசர் வெயிற் எண்ணியிருந்தால், மன் எதிர் இலினோய் என்னும் வழக்கை நாம் இன்று படித்திருக்க மாட்டோம். தீர்ப்பின் மறுநாள் கூகிளின் தாய்க் கொம்பனியினது பங்கு விலை ஏறத்தாழ 9 வீதம் உயர்ந்தது, அப்பிளினதும் உயர்ந்தது. தோற்ற கட்சிக்காரன் வெடி கொளுத்திக் கொண்டாடுவதை இப்பொழுதுதான் காண்கின்றோம்.

நீதிபதி காட்டிய இன்னொரு காரணம் செயற்கை நுண்ணறிவு. வழக்குத் தொடுத்தபோது சற்ஜீபீரீ என்னும் உரையாடற்பொறி இல்லை. 2022 நவம்பர் முடிவில் வந்தது. 2025 மே மாதம் அப்பிளின் மூத்த அதிகாரி ஒருவர் சாட்சி சொல்லுகையில், 22 ஆண்டுகளில் முதன்முறையாகச் சபாரி வழியான தேடல்கள் குறைந்தன என்றார். அன்றே கூகிளின் பங்கு விலை 7 வீதத்துக்கு மேல் வீழ்ந்தது. ஆகவே சந்தை தானே திருத்திக்கொள்ளும் என்னும் நம்பிக்கை தீர்ப்பிலே இழையோடுகின்றது. எதிர்காலத்தை உற்றுப் பார்ப்பது நீதிபதியின் தொழிலன்று என்று அவரே தீர்ப்பில் நொந்துகொண்டார்; நொந்துகொண்டே பார்க்கவும் செய்தார்! உரையாடற்பொறிக்கும் வாயிலிடம் உண்டு என்பதை அவர் மறக்கவில்லை. கூகிளின் ஜெமினி செயலிக்கும் தனியுடன்படிக்கைத் தடையை விரித்தார். அது நன்று. 2025 டிசெம்பரில், வாயிலிட உடன்படிக்கை எதுவும் ஓராண்டுக்கு மேற்படலாகாது என்றும் வரையறுத்தார். ஆண்டுதோறும் ஏலம், ஆனால் ஏலத்தில் எவர் பணம் பெரிது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

காலம் எதிராளியின் நண்பன். 2020இல் தொடுத்த வழக்கில் 2026 ஜனவரியில் கூகிள் மேன்முறையீடு செய்தது. அடுத்த மாதம் அரசும் செய்தது. பேஸ்புக்கை நடத்தும் மெற்றா கொம்பனி மீதும் 2020 டிசெம்பரிலேயே வழக்குத் தொடுக்கப்பட்டது. 2012இல் இன்ஸ்ராகிராமையும் 2014இல் வட்ஸ்அப்பையும் விழுங்கியதே குற்றச்சாட்டு. 2025 நவம்பர் 18ஆம் திகதி அவ்வழக்கு அரசுக்குத் தோல்வியாய் முடிந்தது. முன்பு எப்படியிருந்தாலும் இன்று ரிக்ரொக்கும் யூரியூப்பும் போட்டிக்கு நிற்கின்றன, ஆதலால் இன்று ஏகபோகம் இல்லை என்றார் நீதிபதி. விழுங்கிப் பல ஆண்டு கழிந்தபின் வழக்கிட்டால் வயிற்றில் என்ன இருக்கும்?

நம் நாட்டுக்கு வருவோம். மேத்தா தீர்த்தது அமெரிக்கச் சந்தையைப் பற்றிய வழக்கு. நம் கேள்விகளைப் பற்றி அதில் ஒரு சொல்லுமில்லை. இங்கே அத்தகைய வழக்கைத் தொடுக்க எவருக்கு அதிகாரம்? 1987ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தால் நியாய வர்த்தக ஆணைக்குழு நிறுவப்பட்டது. ஏகபோகங்களையும், கொம்பனி கொம்பனியை விழுங்குவதையும், போட்டிக்கு மாறான நடத்தைகளையும் விசாரிக்க அதற்கு அதிகாரம் இருந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அதனை நீக்கியது. போட்டிக்கு மாறான நடத்தையை விசாரிக்கும் அதிகாரம் மாத்திரம் புதிய சபைக்கு வந்தது. ஏகபோகமும் விழுங்கலும் வழியிலே கைநழுவின. அரிசி ஆலையாயினும் தேடற்பொறியாயினும் வாயிலில் நிற்பவரைக் கேள்வி கேட்கும் பிரிவு 2003இல் நம் சட்டப் புத்தகத்திலிருந்து கிழிக்கப்பட்டது. அது பற்றி அன்று பெரிய ஆரவாரம் எதுவும் எழுந்ததாக நமக்கு நினைவில்லை. சட்டம் படித்த நாமும் மௌனமாகவே இருந்தோம்.

1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரதியொன்று இம்மேசைமேல் இருக்கின்றது. ஏகபோகத்தைப் பற்றிய பிரிவுகளைச் சிவப்பு மையாற் குறித்திருக்கின்றோம். அவற்றில் எவற்றை அப்படியே மீட்கலாம், வாயிலிடத்தையும் தரவுகளையும் உள்ளடக்க எவற்றைப் புதிதாக எழுதவேண்டும் என்பதை ஆராய வருகின்ற ஞாயிறு பிற்பகல் சட்டத்தரணி நண்பர்கள் சிலர் கூடுகின்றோம். கமக்காரர்களும் வரவேண்டும். நெல்லையும் வெங்காயத்தையும் விற்கும் இடத்திலே எந்த வாயிலில் எவர் நிற்கின்றார் என்பதை நமக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் அவர்களே. நம்மை வழிமறித்த நண்பர் தம் விற்பனைச் சிட்டைகளுடன் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றார்.